ஐந்து பேர், ஒரு சீட்டு, சவானா

நடுவர் அவர்களே, இரு அணித் தோழிகளே, தூங்குகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் அவையினரே, எல்லோருக்கும் வணக்கம். "தோழிகள் சேர்ந்து போகும் பயணம் இனிப்பது முன்கூட்டிப் போட்ட திட்டத்தாலா, அந்தந்த நேரத்து முடிவாலா?" இதுதான் தலைப்பு. நான் திட்டத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய அக்கா மூன்று விஷயம் சொன்னார். வாரம் ஐந்து நாளும் ஆபீசில் எக்செல் பார்க்கிறோம், ஊர் சுற்றப் போகும்போதும் எக்செலா என்று கேட்டார். திட்டம் என்று வந்தால் அந்த வேலை எப்போதும் ஒருத்தி தலையில்தான் விழுகிறது என்றார். மனசில் நிற்கும் நேரமெல்லாம் திட்டத்தில் இல்லாத நேரம்தான் என்று முடித்தார், கைதட்டலும் வாங்கினார். பொதுப்படையாகப் பேசி அவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அட்லாண்டாவில் இருக்கிற நமக்குக் காரில் நாலு மணி நேரத் தூரத்தில் சவானா என்ற ஊர் இருக்கிறது. நாங்கள் ஐந்து தோழிகள் அங்கே இரண்டு முறை போனோம், முதல் முறை யோசிக்காமல், இரண்டாவது முறை பத்து மாதம் யோசித்து. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

முதல் பயணம் மார்ச் மாதம். வியாழன் ராத்திரி வாட்ஸப்பில் முடிவு, வெள்ளி மத்தியானம் வண்டியில் ஏறிவிட்டோம். சவானாவில் அயர்லாந்துக்காரர்கள் கொண்டாடும் செயின்ட் பேட்ரிக் தின ஊர்வலம் 1824-லிருந்து நடக்கிறது, அந்த வாரம் ஊரே பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நிற்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊருக்குள் ஒரு அறை கிடைக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஏதோ ஒரு விடுதியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு வாடகை கொடுத்து ஒரே அறையில் ஐந்து பேர் படுத்தோம். அதுகூடப் பரவாயில்லை.

மறுநாள் ராத்திரி, இடம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆற்றோரத்தில் ஒரு பெரிய ஹோட்டலுக்குள் நுழைந்தோம். மெனு அட்டையைத் திறந்ததும் எங்களில் ஒருத்தி முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் அப்போது வேலை அனுமதி இல்லாத விசாவில் இருந்தாள், முதுகலை படித்தவள், செலவுக்கு ஒவ்வொரு டாலரையும் கணவரிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலை. பசியில்லை என்று சொல்லி ஒரு சூப் மட்டும் வாங்கினாள். பில் வந்தபோது யாரோ சாதாரணமாக "சரி, ஐந்தாகப் பிரிச்சிடலாம்" என்றோம், அவளும் தலையாட்டினாள். அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அறை மூலையில் ஒரு சின்னச் சத்தம். டப்பா மூடி சத்தம் போடக்கூடாது என்று கையால் அழுத்திக்கொண்டே, வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கை உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த இருட்டில் நான் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

எக்செலா என்று கேட்டீர்களே அக்கா, இதற்குத்தான். எவ்வளவு செலவழிக்கலாம் என்று ஹோட்டல் மேஜையில் உட்கார்ந்து ஒரு பெண்ணால் வாய் திறந்து சொல்ல முடியாது. பத்து மாதம் முன்னாலே, வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே போனில் பேசும்போது சொல்ல முடியும். இரண்டாவது பயணத்துக்கு நாங்கள் சீட்டுப் போட்டோம், ஏலம் தள்ளுபடி எதுவும் இல்லாத சும்மா சேர்ப்புச் சீட்டு. தலைக்கு மாதம் 40 டாலர், பத்து மாதம், ஐந்து பேருக்கு மொத்தம் 2000 டாலர். தங்கல், சாப்பாடு, பெட்ரோல், நுழைவுச் சீட்டு எல்லாம் அதற்குள்தான், அதைத் தாண்டி யாரும் எதற்கும் கைநீட்டக்கூடாது என்று பேசிக்கொண்டோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் வீட்டில் சொல்வார்களே, அளந்ததால்தான் அவளால் அந்த முறை வயிறார சாப்பிட முடிந்தது.

அடுத்து, அந்தந்த நேரத்து முடிவு யாருக்குக் கைவரும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் தன்னை எதிர்பார்த்து யாரும் இல்லாதவருக்குக் கைவரும். எங்களில் ஒருத்தியின் மாமியார் சர்க்கரை நோயாளி, ஆறு மாத விசாவில் வந்திருந்தார். மகனுக்கு வீசிங். அவள் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளை நான் பார்த்திருக்கிறேன்: அத்தைக்கு இன்சுலின் எத்தனை யூனிட் எத்தனை மணிக்கு, இன்ஹேலர் எந்த டிராயரில், மாவு எந்த டப்பாவில், நீச்சல் வகுப்புக்கு எந்தத் துண்டு. கீழே கணவர் பேனாவால் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டு, "படித்துவிட்டேன், நீ போய்விட்டு வா" என்று எழுதியிருந்தார். தோழிகள் பயணத் திட்டத்தில் பாதி, போகிற ஊரைப் பற்றியதே இல்லை. விட்டுவிட்டுப் போகிற வீட்டைப் பற்றியது. அது இல்லாமல் அவள் காரில் ஏறியிருக்கவே முடியாது.

ஒருத்தி தலையில்தான் விழுகிறது என்று அக்கா சொன்னது உண்மை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு மருந்து வேலையைப் பிரிப்பது. ஒருத்தி தங்கல் பார்த்தாள். புயல் காலம் நவம்பர் கடைசிவரை போகும், 2016 அக்டோபரில் மேத்யூ புயல் இந்த ஊரை அடித்திருக்கிறது, அதனால் கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் பணம் திரும்பும் இடமாகத் தேடினாள். சைவம் சாப்பிடுபவள் சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். இந்தத் தென்மாநிலச் சமையலில் கீரை என்று நம்பி வாங்கினால் பன்றி எலும்போடு வெந்திருக்கும், அதனால் முன்னாலேயே ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டுக் கேட்டு வைத்தாள். நடக்கும் வழி முட்டிவலிக்காரிக்கு, காரணம் சொல்கிறேன்.

சவானா நகரமே காகிதத்தில் கோடு போட்டுப் பிறந்த ஊர். 1733-இல் ஜேம்ஸ் ஓகில்தார்ப் என்ற ஆங்கிலேயர் கப்பலில் ஆட்களோடு வந்து இறங்கியபோது, டோமோசிச்சி என்ற யாமக்ரா பழங்குடித் தலைவரின் மக்கள் வாழ்ந்த ஆற்றங்கரையில், நடுவில் ஒரு சதுக்கம், அதைச் சுற்றி நாற்பது வீட்டு மனை, நாலு பொது மனை என்று பேட்டை பேட்டையாக வகுத்தார். ஊர் வளர வளர அதே அச்சில் வார்த்து 24 சதுக்கம் வரை போனார்கள், இன்றைக்கு 22 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பாசி தொங்கும் ஓக் மர நிழல், பெஞ்சு. ஆற்றிலிருந்து ஃபோர்சித் பூங்கா வரை புல் (Bull) தெருவில் நடந்தால் ஏறத்தாழ ஒரு மைல், வழியில் ஐந்து சதுக்கம். எங்கள் முட்டிவலிக்காரி மேப்பைப் பார்த்து, "ஒவ்வொரு சதுக்கத்திலும் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் நான் முழுசா நடந்துவிடுவேன்" என்றாள், நடந்தாள். முதல் பயணத்தில் அவள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இன்னொன்றும் உண்டு. திட்டமில்லாமல் போனால் அந்த ஊர் ஐஸ்கிரீமும் குதிரை வண்டியும் மட்டும்தான். முதல் முறை நாங்கள் பார்த்தது அவ்வளவே. இரண்டாம் முறை முன்கூட்டியே நேரம் போட்டு ஓவன்ஸ்-தாமஸ் மாளிகைக்குப் போனோம். 1819-இல் கட்டி முடித்த மாளிகை, அதன் பின்கட்டில் அடிமைகள் இருந்த குடியிருப்பு. அந்தக் கூரைப் பலகைகளில் கெட்ட ஆவி அண்டாமல் இருக்கப் பூசிய நீலம் இன்னும் தெரிகிறது, வெளுத்து, திட்டுத் திட்டாக. அப்புறம் ஃபர்ஸ்ட் ஆப்பிரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயம். பகலெல்லாம் எஜமானுக்கு உழைத்துவிட்டு ராத்திரியில் கறுப்பின மக்கள் தங்கள் கையாலேயே கட்டி 1859-இல் முடித்த கட்டடம். கீழ்த்தளத்துத் தரைப் பலகையில் வைர வடிவத்தில் ஓட்டைகள் போட்டிருக்கிறார்கள், அது ஆப்பிரிக்காவின் காங்கோ மக்களின் குறி என்றும், தப்பி ஓடி வந்து கீழே ஒளிந்திருந்த அடிமைகள் மூச்சு விட வழி என்றும் சொல்கிறார்கள். நாங்கள் ஐந்து பேரும் அந்த ஓட்டைகளுக்கு மேல் கால் வைக்காமல் ஒதுங்கி நின்றோம், யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

இந்த அழகெல்லாம் தானாக மிஞ்சவில்லை நடுவர் அவர்களே, அதற்குக் காரணமும் தோழிகள்தான். 1954-இல் வண்டி நிறுத்துமிடம் கட்டுவதற்காக அந்த ஊரின் பழைய சந்தைக் கட்டடத்தை இடித்தார்கள். மறு வருஷம், 1820-இல் கட்டிய டேவன்போர்ட் வீட்டுக்கும் அதே கதி வர இருந்தது. ஏழு பெண்கள் கூடி 22,500 டாலர் திரட்டி அந்த வீட்டை வாங்கினார்கள். அதோடு விடவில்லை. பழைய வீடுகளை வாங்குவது, புதுப்பித்துக் காப்பாற்றுவேன் என்று ஒப்புக்கொள்பவருக்கு விற்பது, வந்த பணத்தில் அடுத்ததை வாங்குவது என்று சுழல் நிதியை ஓட்டினார்கள். எங்கள் 40 டாலர் சீட்டு மாதிரிதான், அளவுதான் வேறு. அந்த வீட்டு வாசலில் எங்கள் ஐந்து பேரையும் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னோம், எங்களிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்த போட்டோ அதுதான்.

கடைசியாக, மறக்க முடியாத நேரம் திட்டத்தில் இருக்காது என்றீர்களே அக்கா. எங்கள் தாளில் சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை "ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தோம். அந்தக் கட்டத்தைக் காலியாக வைப்பதற்குத்தான் நாங்கள் அதிகம் வாதாடினோம், டைபீ தீவு கடற்கரையைக்கூட அதற்காக விட்டுக்கொடுத்தோம். அந்த மூன்று மணி நேரத்தில், மான்டரே சதுக்கத்துப் பெஞ்சில், எங்களில் ஒருத்தி போன வருஷம் அம்மா இறந்தபோது போனால் திரும்பி வர விசா முத்திரை கிடைக்காதோ என்று பயந்து ஊருக்குப் போகாமல் இருந்ததை முதல் முறையாகச் சொன்னாள். வீடியோ காலில் கொள்ளிக்குடம் உடைவதைப் பார்த்தாளாம். தினமும் பேசுகிற எங்களுக்கே அதுவரை தெரியாது. அவள் சொல்லி முடிக்கும்வரை யாரும் மணி பார்க்கவில்லை, அடுத்து எங்கே போவது, எங்கே சாப்பிடுவது என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை, ஏனென்றால் அதற்கெல்லாம் பதில் ஏற்கெனவே தாளில் இருந்தது. அந்த நேரம் திட்டத்தில் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் எப்படி ஒத்துக்கொள்வேன்?

அடுத்த சீட்டு போன மாதம் தொடங்கியாயிற்று, ஊர் இன்னும் முடிவாகவில்லை, பிலடெல்பியாவா சார்ல்ஸ்டனா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு சூப் மட்டும் குடித்தாளே, அவளுக்கு இப்போது வேலை அனுமதி வந்து வேலையும் கிடைத்துவிட்டது. முதல் 40 டாலரை எல்லோருக்கும் முந்தி அனுப்பியவள் அவள்தான்.

நன்றி, வணக்கம்.