எமரால்டு அணைத் தண்ணீரில் ஓர் இனம்: சுனையர்களின் உடலும் வாழ்வும்

[காட்சி: எமரால்டு நீர்த்தேக்கம் மேலிருந்து. தண்ணீர் இறங்கிய இடத்தில் கரையைச் சுற்றிச் செம்மண்.]

வணக்கம். இன்றைக்கு நாம் பார்க்கப் போவது சுனையர்கள். நீலகிரியில் தண்ணீருக்குள் வாழும், மனிதச் சாயல் கொண்ட ஓர் இனம். முழுக்க முழுக்கக் கற்பனைதான். ஆனால் அவர்கள் வாழும் தண்ணீர் நிஜம். அந்தத் தண்ணீர் தாங்காத எதையும் அவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

நீருக்குள் வாழும் மனிதர் என்றதும் ஒரு பெரிய ஏரியும், அடியில் ஆயிரம் வருடப் பழைய நகரமும்தான் மனதில் வரும். நம் மலைகளில் இது நடக்காது. ஊட்டி ஏரியை, கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உருவாக்கியது 1820களில். கொடைக்கானல் ஏரி 1863இல் வந்தது. எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி மூன்றுமே சுதந்திரத்துக்குப் பிறகு குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய அணைகள். அதிகம் போனால் ஏறத்தாழ இருநூறு வருடமே ஆன தண்ணீரில் தொன்மையான இனம் எங்கிருந்து வரும்?

சோலையிலிருந்து வரும். சோலைக்காட்டு ஓடைகளும், புல்வெளிகளுக்கு நடுவே இருக்கும் சதுப்புகளும்தான் இங்கே பழைய தண்ணீர். மழை விட்டுப் பல வாரம் ஆன பிறகும் அவற்றில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். சுனையர்கள் அந்த ஓடைகளின் பிள்ளைகள். அணை அவர்களுக்குப் பிறகு வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய பண்பாட்டில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

[காட்சி: ஒரு லிட்டர் காற்று, ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜன் புள்ளிகளாக.]

முதலில் மூச்சு. எமரால்டு ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறையும். 15 டிகிரி குளிரில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். அதே உயரத்தில் ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும். அருமையான செவுள் ஒன்றைக் கழுத்தில் பொருத்தி, தண்ணீரில் உள்ளதில் முக்கால்வாசியை அது இழுத்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 60 லிட்டர் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வேண்டும். நாலு குடம் தண்ணீர், ஒவ்வொரு நிமிடமும், தூங்கும்போதும்! கழுத்தோரம் மூன்று கீறல் போட்டால் செவுள் ஆகிவிடாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் தேவையைக் குறைக்க வேண்டும். தண்ணீர் நம் உடல் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் வேகமாகக் கடத்திவிடும். இந்தக் குளிரில் 37 டிகிரியைக் கட்டிக்காக்க நினைத்தால் சாப்பிட்டதெல்லாம் அதற்கே போய்விடும். எனவே சுனையர்கள் குளிர்ரத்த உயிர்கள். தண்ணீரின் சூடுதான் அவர்கள் உடலின் சூடு. பல்லி, பாம்பு வகைகளின் ஆற்றல் செலவு, அதே எடையுள்ள பாலூட்டியின் செலவில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. இப்போது கணக்கு கைக்குள் வருகிறது.

செவுளுக்குப் பதிலாக நான் தேர்ந்தெடுத்தது தோல். தென்னமெரிக்காவில் 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா என்றோர் ஏரி. அங்கே வாழும் பெரிய தவளைக்கு உடல் முழுக்கத் தோல் மடிந்து மடிந்து தொங்கும். அந்த மடிப்புகள் வழியாகவே அது பெரும்பாலும் சுவாசிக்கிறது. சுற்றியிருக்கும் தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்தால் உடம்பை மேலும் கீழும் அசைத்துப் புதுத் தண்ணீரைத் தோலில் படவைக்கும். சுனையர்களுக்கும் இப்படித்தான். விலாவிலும் தொடையிலும் தளர்ந்த மடிப்புகள். ஓடுகிற தண்ணீரில் நின்றாலே மூச்சு வந்துவிடும். அடிவயிற்றில் சின்ன நுரையீரலும் உண்டு, அவசரத்துக்கு.

கைகளை மட்டும் நான் அதிகம் மாற்றவில்லை. விரல் நுனிவரை சவ்வு இருந்தால் நீந்தலாம், ஆனால் கயிறு முறுக்க முடியாது. அதனால் சவ்வு முதல் கணுவோடு நின்றுவிடுகிறது. தண்ணீரில் ஊறினால் நம் விரல்நுனி சுருங்குகிறதே, அது தோல் வெறுமனே ஊறுவதால் வருவதல்ல. நரம்பு செய்யும் வேலை. நரம்பு அறுபட்ட விரல் சுருங்காது. ஈரமான பொருளைப் பிடிக்க அந்தச் சுருக்கம் உதவுவதாகவும் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சுனையர்களுக்கு அது பிறவியிலிருந்தே நிரந்தரம்.

குழந்தைகள் கொஞ்சம் வேறு மாதிரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையைப் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் தலைப்பிரட்டைகள் பாய்ந்து வரும் வெள்ளத்தில் வாயாலேயே பாறையைப் பற்றிக்கொண்டு கிடக்கும். சுனையர் பிள்ளைகளும் முதல் பருவத்தில் அப்படித்தான் சோலை ஓடைப் பாறைகளில் ஒட்டி வளர்கிறார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையில் பிடி விட்டால் போயிற்று.

[காட்சி: ஓடை அணைக்குள் இறங்கும் முகத்துவாரம்.]

சரி, அணை வந்த பிறகு எங்கே குடியிருக்கிறார்கள்? அணையின் ஆழத்தில் அல்ல. தேங்கிய தண்ணீரின் அடியில் ஆக்ஸிஜன் குறைந்துவிடும், தோலால் மூச்சு விடுபவருக்கு அங்கே வேலை இல்லை. ஓடை வந்து அணையில் சேரும் முகத்தில்தான் அவர்கள் குடிகள். ஆனால் அந்த முகம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மின்சாரத்துக்காகத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும், முகமும் கீழே போகும். தென்மேற்குப் பருவமழையில் மீண்டும் மேலே ஏறும். ஆகவே நிலையான வீடு கிடையாது. கோரைப்புல்லில் முறுக்கிய கயிறு, அதில் கட்டிய கல், மேலே பாய். அவிழ்த்தால் ஊர் நகர்ந்துவிடும். நீருக்குள் நெருப்பு இல்லை, எனவே உலோகமும் இல்லை, சுட்ட பானையும் இல்லை. அவர்களுடைய அறிவு மொத்தமும் கயிற்றில்தான் போயிருக்கிறது.

பேச்சை அமைக்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் வேகமாகப் போகும். இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நம்மால் பிரிக்க முடிவதில்லை. தூரத்துச் செய்திக்குக் கல்லில் கல் தட்டினால் போதும். பக்கத்திலிருப்பவரோடு பேச, மீன்களின் விலாவில் ஓடும் உணர்கோட்டை எடுத்து முழங்கையின் உட்பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் லேசாக அசைந்தாலும் அது உணரும். இரண்டு சுனையர்கள் சந்தித்தால் ஒருவர் கையருகே மற்றவர் உள்ளங்கையைக் கொண்டுபோய், தொடாமல் இரண்டு முறை அசைப்பார். அதுதான் வணக்கம்.

ஒரு பாட்டி பேத்திக்குப் பாடம் சொல்வதைப் பாருங்கள். பேத்தியின் கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். முழங்கை மடிப்பில் விரலை வைக்கிறாள், அது ஓடையின் தலை. அங்கிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு வருகிறாள். ஒரு வளைவு. ஓர் அழுத்தம், அது பாறை. இரண்டு சிறு சுழிப்பு, அது குட்டை. மணிக்கட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி முழங்கையிலிருந்து தொடங்குகிறாள். அவள் வரைவது அணைக்கு அடியில் மூழ்கிப்போன ஓடையை. கோடையில் மட்டம் அடியோடு இறங்கும்போது அந்தப் பழைய வழி வெளியே தெரியும், அப்போது வழி தெரிந்தவள்தான் குடியை நடத்திப் போவாள். அதனால் அவர்களில் தலைமை, அதிக வளைவுகள் மனப்பாடமாக இருப்பவருக்கு.

இந்தச் சடங்குகளை எழுதும்போது தோடர், கோத்தர், படுகர் வழக்கங்களில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. உயிரோடு வாழும் மக்களின் நம்பிக்கையைக் கழற்றிக் கற்பனை உயிருக்கு மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை. சுனையர்களுக்கு அவர்கள் உடலே வேண்டிய அளவு சடங்கு தருகிறது.

சாப்பாடு நண்டு, பூச்சிப்புழு, பாசி, சின்ன மீன். டிரவுட் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீன், பாறையில் ஒட்டியிருக்கும் பிள்ளைகளைக் கொத்தும் என்பதால் அதற்கு அவர்களிடம் நல்ல பெயர் இல்லை.

இனி எனக்கு மனம் கனத்த பகுதி. தோலால் சுவாசிக்கும் உயிர் தண்ணீரில் உள்ள எல்லாவற்றையும் தோலால் வாங்கிக்கொள்ளும். எமரால்டைச் சுற்றிச் சரிவுகளில் தேயிலையும் மலைக்காய்கறியும்தான். கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் மருந்து அடித்த அன்றே மழை வெளுத்து வாங்கினால் அது நேராக ஓடைக்குத்தான் வரும். நிஜத் தவளைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. அதனால் சுனையர்களின் நாட்காட்டியில் மழைக்காலத்தின் முதல் வெள்ளம் பண்டிகை இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் பிள்ளைகளைப் பாறையிலிருந்து பிரித்துத் தூக்கிக்கொண்டு, தோட்டம் இல்லாத சோலை ஓடைக்கு ஏறிவிடுவார்கள். நுரையீரல் அப்போதுதான் வேலைக்கு வரும். நடுவே கொஞ்ச தூரம் நிலத்தில் நடந்தாக வேண்டும், இரவில், பனிமூட்டத்தில், தோல் காயாமல்.

எந்தச் சோலைக்கு ஏறுவார்கள், வாட்டில் (சீகை), யூகலிப்டஸ் போன்ற அயல் மரங்கள் புகுந்த இடங்களில் ஓடை வற்றியிருந்தால் என்ன செய்வார்கள், அந்த நிலவழியின் வரைபடத்தோடு அடுத்த வீடியோவில் பார்ப்போம். கொடைக்கானலை அடுத்த பேரிஜம் ஏரிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது உங்கள் தண்ணீருக்கு ஏற்ற ஓர் இனத்தை யோசித்திருந்தால் எழுதி அனுப்புங்கள். ஆனால் முதலில் மூச்சுக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.