கால் வீங்கினால் விரலிடுக்கைப் பாருங்கள்

[திரையில்: முழங்காலுக்குக் கீழே ஒரு கால். கணுக்காலுக்கு மேல் தோல் தடித்துப் பளபளக்கிறது.]

இந்தக் காலுக்கு உரியவருக்கு நேற்று மாலை குளிர் நடுக்கம். இன்று காலை வீக்கம். தொட்டால் சுடுகிறது, அழுத்தினால் வலிக்கிறது. எங்கும் இடித்துக்கொண்ட நினைவில்லை. பூச்சி கடித்த தடமும் இல்லை. கிருமி எந்த வழியாக வந்தது?

[கேமரா இறங்குகிறது. கடைசி இரண்டு கால்விரல்களின் இடுக்கில், வெளுத்து ஊறிய தோலில் ஒரு வெடிப்பு.]

இந்த வழியாகத்தான். சேற்றுப்புண்தானே என்று விட்டுவிடுகிறோமே, அந்தப் பூஞ்சைத் தொற்று முதலில் வாசலைத் திறந்தது. பிறகு பாக்டீரியா நுழைந்து, தோலின் ஆழத்திலும் அதற்கடியில் உள்ள கொழுப்பிலும் பரவிவிட்டது. இதன் பெயர் செல்லுலைட்டிஸ்.

[திரையில்: நுண்ணோக்கிக் காட்சி. கொத்தாகச் சில உருண்டைகள், சரமாகச் சில.]

தோல் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இருவரே காரணம். கொத்தாக இருப்பது ஸ்டஃபைலோகாக்கஸ். ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880களில் சீழில் இதைக் கண்டு, திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். சரமாக இருப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். சீழ்க்கட்டி என்றால் பெரும்பாலும் முன்னது. சீழில்லாமல் பரவும் செல்லுலைட்டிஸ் என்றால் பெரும்பாலும் பின்னது.

சீழ்க்கட்டிக்குக் காரணமான கிருமி ஏறக்குறைய பத்தில் மூன்று பேரின் மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. சுத்தமில்லாதவருக்குத்தான் கட்டி வரும் என்ற பேச்சு எத்தனை பேரை மருத்துவரிடம் போகவிடாமல் கூச வைத்திருக்கிறது! அந்தப் பேச்சை முதலில் விட்டுவிட வேண்டும். தோலில் திறப்பு இருக்கிறதா, உள்ளே காவல் தளர்ந்திருக்கிறதா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

நீரிழிவில் இரண்டுமே நடக்கின்றன. சர்க்கரை கூடும்போது வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கி அழிக்கும் வேகம் குறைகிறது. நரம்புகள் மரத்துப்போனால் பாதத்தில் முள் குத்தியதே தெரியாது. அடுத்தடுத்த மயிர்க்கால்களில் கட்டிகள் ஒன்றுசேர்ந்து பல கண்களோடு சீழ் வடியும் ராஜபிளவையும் இவர்களிடம் அதிகம். ஆகவே, கட்டி திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல்வார்கள்.

யானைக்கால் நோயாலோ, புற்றுநோய் சிகிச்சையில் நிணநீர் முடிச்சுகளை அகற்றியதாலோ வீங்கிய கைகால்களில் நிணநீர் தேங்குகிறது. அங்கே செல்லுலைட்டிஸ் வந்தால், ஒவ்வொரு முறையும் வடிகால் இன்னும் கெடுகிறது. அடுத்த தொற்று எளிதாகிறது. எக்ஸிமா உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையோ கீமோதெரபியோ எடுப்பவர்கள், முதியவர்கள், உடலோடு உடல் உரசும் மல்யுத்த வீரர்கள் ஆகியோரும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் தேன் நிறப் பொருக்கோடு வரும் சிரங்கு வெகு எளிதில் தொற்றும். துண்டைத் தனியாக வையுங்கள்.

[திரையில்: வெளிர் தோலும் கரிய தோலும் அருகருகே.]

தோல் சிவக்கும் என்றே பல புத்தகங்கள் சொல்கின்றன. கரிய தோலில் அது ஊதாவாகவோ அடர்பழுப்பாகவோ தெரியலாம், தெரியாமலும் போகலாம். புறங்கையை வைத்து இரண்டு கால்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். இரண்டு காலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வீங்கினால் பெரும்பாலும் காரணம் வேறு.

கட்டியைப் பிதுக்காதீர்கள். பிதுக்கினால் சீழ் உள்ளே ஆழமாகப் போகும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் சுற்றிலும் வந்த கட்டியில் கையே வைக்கக் கூடாது. அங்குள்ள இரத்தக்குழாய்களுக்கு மூளையருகே உள்ள குழாய்களோடு தொடர்பு உண்டு. பெரிய கட்டியை மருத்துவர் கீறிச் சீழை எடுப்பதே முதல் சிகிச்சை.

[திரையில்: வீக்கத்தின் விளிம்பைப் பேனா சுற்றி வருகிறது.]

மருத்துவரைப் பார்க்கும்வரை வீக்கத்தின் விளிம்பில் கோடு போட்டு, நேரத்தையும் எழுதி வையுங்கள். கோட்டை வேகமாகத் தாண்டினாலும், கண்ணுக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு இருந்தாலும், தோல் கறுத்தாலும், மனம் குழம்பினாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். சதையை அழிக்கும் அரிதான தொற்று மணிக்கணக்கில் பரவும். அதற்கு உடனடி அறுவை சிகிச்சை தேவை.

[திரையில்: மீண்டும் அதே விரலிடுக்கு.]

இந்தக் காலுக்கு ஆன்டிபயாடிக் தொடங்கியாயிற்று. கால் உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. விரலிடுக்கில் பூஞ்சைக்கான களிம்பையும் தடவுகிறார்கள். அதை விட்டால் வாசல் திறந்தே கிடக்கும்.