கண்முன் எதை வைப்பது?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

சினிமா, புத்தகம், பாட்டு இதைப் பற்றியெல்லாம் ஒரு கிறிஸ்தவ விசுவாசியாக உங்கள் மனதில் இருப்பதைப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் மண்டபம் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னைப் பழமைவாதி என்பார்கள். சொல்லட்டும். பாவம் என்று வேதம் சொன்னது பாவம்தான், காலம் மாறியதால் அது மாறிவிடாது என்று நம்புகிறவள் நான்.

நான் வளர்ந்த பெந்தெகொஸ்தே வீட்டில் சினிமா கிடையாது. தியேட்டர் வாசலை மிதிக்கக் கூடாது, சினிமாப் பாட்டை முணுமுணுக்கக் கூடாது. "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்" என்ற நூற்றியோராம் சங்கீத வசனத்தை அம்மா சுவரில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். குடியும் கடனும் சூழ்ந்த தெருவில் எங்கள் வீடு தலைநிமிர்ந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அன்றைக்குத் தியேட்டர் ராமநாதபுரத்தில் இருந்தது, பஸ் ஏறிப் போக வேண்டும். இன்றைக்கு அது பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கிறது. போகாதே என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது. எது தீங்கு, எது தீங்கில்லை என்று பிள்ளைக்கே பார்க்கத் தெரிய வேண்டும்.

கெட்ட காரியத்தைக் காட்டும் படமெல்லாம் கெட்ட படம் என்று விசுவாசிகள் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அப்படிப் பார்த்தால் வேத புத்தகத்தையே பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. இரண்டாம் சாமுவேல் பதினோராம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தாவீது ராஜா அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொள்கிறான். அதை மறைக்க அவள் புருஷன் உரியாவைப் போரின் முன்னணியில் நிறுத்திக் கொல்லுகிறான். வேதம் இதில் எதையும் மூடி மறைக்கவில்லை. அப்புறம் நாத்தான் தீர்க்கதரிசி வருகிறார். ராஜாவிடம் நேராகக் குற்றம் சாட்டாமல், ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துக்கொண்டு போன கதையைச் சொல்கிறார். ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "நீயே அந்த மனுஷன்" என்று அப்போது சொல்கிறார். அந்த ராஜாவை உலுக்க ஒரு கதை வேண்டியிருந்தது. கதையே வேண்டாம் என்று சொல்லும் விசுவாசிகளிடம் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

அந்த வரலாறு அதோடு முடியவில்லை. குழந்தை சாகிறது. வீட்டுக்குள் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்கிறார்கள். கடைசியில், "என் மகனாகிய அப்சலோமே, என் மகனே" என்று செத்துப்போன மகனுக்காகத் தாவீது அழுகிற இடம் வரைக்கும் அந்த ஒரு சாயங்காலப் பாவத்தின் விலை போகிறது. நான் ஒரு படத்தில் தேடுவது இதைத்தான். பாவத்தைக் காட்டு, அதன் விலையையும் காட்டு. விலையை மறைத்துப் பாவத்தை மட்டும் காட்டினால் அது பொய். பொய் என்பதால்தான் அது என் வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறேன்.

இப்போது வரும் பெரிய நடிகர் படங்களைப் பாருங்கள். கதாநாயகன் அரிவாளோடு நடந்து வருகிறான். இசை எழும்புகிறது. ஒருவன் விழுகிறான், இன்னொருவன் விழுகிறான், பிறகு பத்துப் பேர் சேர்ந்தாற்போல் விழுகிறார்கள். தியேட்டரில் விசில். விழுந்தவனுக்கு ஒரு பெயர் கூடக் கிடையாது. அவனும் காலையில் எங்கேயோ ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருப்பான். அந்த வீட்டுக்குக் கேமரா போவதே இல்லை.

எங்கள் கரையில் இருக்கிறவர்களுக்கு அந்த வீடு தெரியும். தொழிலுக்குப் போன ஆள் திரும்பவில்லை என்றால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் நாள் ஊரே அந்த வாசலில் நிற்கும். படகுகள் தேடப் போகும். உடல் கிடைக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குத் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதே தெரியாது. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகைக்கு அலைய வேண்டும். வாங்கின முன்பணத்தைப் பற்றிப் பேச்சு வரும். பத்தாவது படிக்கிற பையன் புத்தகத்தை மூடிவிட்டு வலைக்குப் போவான். எங்கள் தெருவில் அப்படி ஒரு அக்கா கருவாடு காயப்போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். வெயிலில் ஒவ்வொரு மீனாகப் புரட்டிப்போடும்போதும், ஒரு படகு சத்தம் கேட்டால் தலை தானாகக் கடல் பக்கம் திரும்பும். வருடங்கள் போயும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. ஒரு மனுஷனுடைய சாவின் எடை அவ்வளவு. அதை இரண்டு நிமிடச் சண்டையில் பத்துப் பேருக்குப் பங்கு வைத்துக் கைதட்டச் சொல்கிறவர்களை என்னால் மன்னித்துவிட முடியவில்லை. முத்தக் காட்சி வந்தால் சேனலை மாற்றும் பெற்றோர், இந்தக் காட்சிக்குப் பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது புரியவே இல்லை.

குடியும் அப்படித்தான். நாயகன் பாரில் ஆடுகிறான், திரையின் மூலையில் குடி கேடு என்று பொடி எழுத்தில் ஒரு வரி. பாட்டு முழுச் சத்தத்தில் போகிறது, எச்சரிக்கைக்குச் சத்தமே கிடையாது. ஒரு கல்யாண வரவேற்பில் ஐந்து வயது இருக்கும் ஒரு பையன், வாயில் பாட்டில் கவிழ்ப்பது போலக் கட்டை விரலை வைத்து, கால் தள்ளாடுவது போல அப்படியே ஆடினான். பெரியவர்கள் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். அவனுடைய அப்பா பங்குப் பணத்தை வாங்கியதும் எங்கே போகிறவர் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இதற்கெல்லாம் சென்சார் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எல்லோருக்கும் யூ, பெற்றோர் துணையோடு பார்க்க யூ/ஏ, பெரியவர்களுக்கு மட்டும் ஏ என்று இருந்ததில், 2024ல் வந்த விதிகளின்படி நடுவில் உள்ளதை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஓடிடியில் நேராக வரும் தொடர்களுக்குத் தணிக்கைக் குழு கிடையாது, அந்த நிறுவனங்களே வயதைப் போட்டுக்கொள்கின்றன. அந்தச் சின்ன எண்ணையாவது பெற்றோர் பார்க்க வேண்டும். என் வீட்டுக்கு எது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும், குழு செய்யாது.

சினிமா கிறிஸ்தவர்களை எப்படிக் காட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய படங்களில் கிளப்பில் ஆடும் பெண்ணுக்கு எங்கள் பெண்களின் பெயர். கடத்தல்காரனின் அடியாளுக்கு எங்கள் பையன்களின் பெயர், திறந்த மார்பில் பெரிய சிலுவை. பேய்ப் படம் என்றால் ஒரு பாதிரியார் உண்டு, அவர் கையில் சிலுவையைக் கொடுத்து நிறுத்திவிடுவார்கள், அவர் என்ன விசுவாசிக்கிறார் என்று யாருக்கும் அக்கறை இல்லை. விடியற்காலை ஏலத்துக்குக் கூடை எடுக்கும் முன் முழங்காலில் நிற்கிற பெண்களை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் முன்னால் கல்யாண ஜோடிகள் சினிமாப் பாட்டுக்குப் போஸ் கொடுக்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்து, பயணிகளோடு ரயிலைக் கடல் கொண்டுபோன இடம் அது. அங்கே போகிறவர்கள் கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமல் நிற்கலாம் என்பது என் ஆசை. ஆனால் ஒரு படம் எங்கள் மனதைப் புண்படுத்தியது என்று தடை கேட்டுத் தெருவில் இறங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. நம்மைப் பற்றிய உண்மையை நாமே நன்றாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாம் அதை நன்றாகச் சொல்கிறோமா? கிறிஸ்தவர்கள் எடுக்கும் குறும்படங்கள் பலவற்றைப் பார்க்கிறேன். குடிகாரன் ஒருவன், அழுகிற மனைவி, ஒரு சபை ஊழியர் வந்து ஜெபிக்கிறார், மறுநாள் காலை வெள்ளைச் சட்டையோடு குடும்பமே சபைக்குப் போகிறது. மனந்திரும்பின பிறகும் கடன்காரன் வாசலில் நிற்பான், கை நடுங்கும், பழைய கூட்டாளி கூப்பிடுவான். அதையெல்லாம் விட்டுவிட்டு எடுத்தால், விலையை மறைக்கிறார்கள் என்று சினிமாக்காரர்களை நான் கேட்ட கேள்வி நம்மையும் கேட்கும். கடவுளுக்காகச் செய்வது என்பதால் அரைகுறையாகச் செய்யலாம் என்று ஆகாது. 1979ல் வந்த இயேசுவின் வரலாற்றுப் படம் ஒன்று தமிழிலும் பேசியது. ஊர் ஊராக வேட்டித் திரை கட்டி அதைப் போட்டார்கள். லூக்கா சுவிசேஷத்தை ஒட்டி எடுத்த படம். எங்கள் ஊரில் மணலில் உட்கார்ந்து பார்த்த பெரியவர்கள், சிலுவைக் காட்சியில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

புத்தகத்துக்கு வருகிறேன். வேதத்தைத் தவிர வேறு எதற்கு என்று கேட்கும் சகோதரர்களிடம், அத்தேனே பட்டணத்தில் பவுல் அப்போஸ்தலர் கிரேக்கப் புலவர்களின் வரியை எடுத்துச் சொன்னதைக் காட்டுவேன். அப்போஸ்தலர் பதினேழாம் அதிகாரம். வாசிக்காமலா சொல்லியிருப்பார்? அதோடு, அச்சுக்கும் நம் கடற்கரைக்கும் பழைய உறவு உண்டு. மண்டபத்துக்கு அருகே வேதாளையில் 1549ல் அந்தோனி கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு கொல்லப்பட்டார். அவரோடு இதே முத்துக்குளித்துறையில் பணி செய்த ஹென்றி ஹென்றிக்கஸ் தமிழ் கற்று, 1578ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவப் போதனைப் புத்தகத்தை அச்சிட்டார். இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. அவர்கள் கத்தோலிக்கர், நான் பெந்தெகொஸ்தே. ஆனாலும் அந்தப் புத்தகத்துக்கு நான் கடன்பட்டவள்.

தமிழ்நாட்டு விசுவாசி ஒவ்வொருவரும் கையில் எடுக்க வேண்டியது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர் அவர். கிறிஸ்தவரானதும் கம்பனைத் தூக்கி எறியவில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையை எடுத்து, கம்பனிடம் கற்ற தமிழில் பெரிய காப்பியமாகப் பாடினார். 1894ல் வெளிவந்தது. அவர் விசுவாசத்தில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, தமிழிலும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி நம் கீழக்கரைக்காரர். தன் மார்க்கத்துக்கு ஒரு நல்ல தமிழ்க் காப்பியம் வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்த வேட்கை நம் சபைகளில் இன்று எங்கே போனது?

சபையில் சினிமா மெட்டைப் போட்டுப் பாடுவது எனக்குப் பிடிப்பதில்லை. வார்த்தையை மாற்றிவிட்டோம் என்பார்கள். மெட்டு தன்னோடு அந்தக் காட்சியையும் கூட்டிக்கொண்டுதான் வரும். வாலிபப் பிள்ளைகள் கண்ணை மூடிப் பாடும்போது அவர்களுக்குள் எது ஓடும் என்று யோசியுங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இருக்கின்றன, ராகத்தோடு பாடச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

சினிமாவை விட எனக்கு இப்போது அதிக பயம் தருவது செல்போனில் வரும் குட்டி வீடியோக்கள். படத்துக்கு ஆரம்பம், முடிவு உண்டு. முடிவைப் பார்த்து இது உண்மையா பொய்யா என்று கேட்கலாம். முப்பது நொடியில் ஒருவன் ஒருத்தியை அவமானப்படுத்துகிறான், சிரிப்பு வருகிறது, விரல் தள்ளுகிறது, அடுத்தது. அவமானப்பட்டவள் என்ன ஆனாள் என்பதற்கு அங்கே இடமே இல்லை. பிள்ளை எதையும் முடிவு வரை பார்க்காமலே பழகிவிடுகிறது.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அறுபத்தோரு நாளும் ஆண்கள் வீட்டில்தான், டிவி ஓயாது. எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாச் செல்போனும் அரிசிப் பானை மூடியின் மேல் போய்விடும், வீட்டுக்காரருடையதும் சேர்த்து. சனிக்கிழமை ஒரு படம், நானும் அவரும் முன்பே பார்த்து ஒத்துக்கொண்டது. பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருவோம், சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். போன வருடம் ஒரு சண்டைக் காட்சியில் என் சின்ன மகள் நிறுத்தச் சொல்லி, "அந்த ஆளுக்கு வீடு எங்கேம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு அந்தப் படத்தை நாங்கள் மேற்கொண்டு பார்க்கவில்லை. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் மணி பதினொன்றாகிவிட்டது.

நன்றி. வணக்கம்.