லிஸ்டில் டிக் அடித்த ரசனை

நேயர்களுக்கு வணக்கம். டிவி ரசனையைப் பற்றி ரேடியோவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு கேபிள்காரனை. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஒயர் இழுத்து, மாசம் பொறந்தால் வசூலுக்குப் படியேறிப் பிழைத்தவன் நான்.

யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "நமக்கு நியூஸ்தான்பா" என்பார்கள். பகலில் ஆம்ப்ளிஃபையர் போய் லைன் செத்துக் கிடந்தால் ஒரு போன் வராது. ராத்திரி சீரியல் நேரம் வந்ததுதான் தாமதம், "இன்னாபா கேபிளு, ஒரே புள்ளி புள்ளியா வருது!" என்று போன் அடங்காது. நியூஸ்காரர் வீட்டிலிருந்துதான் முதல் கூப்பாடு.

இந்த ரசனையை எழுதியே கேட்க வேண்டிய காலமும் வந்தது. செட்டாப் பாக்ஸ் வைத்துப் பார்க்கிற முறையே 2003இல் சென்னைக்குத்தான் முதலில் வந்தது. ஆனாலும் பேக்கேஜில் எது வந்ததோ அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். 2019இல் டிராய், அதாவது போனுக்கும் கேபிளுக்கும் விதி போடுகிற மத்திய அரசு ஆணையம், புது விதி போட்டது. அப்போது இலவச சேனல் நூறுக்கு 130 ரூபாய், வரி தனி. கட்டண சேனல் எது வேண்டுமோ அதை நீங்களே சொல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. லிஸ்டும் பேனாவுமாக வீடு வீடாக ஏறினேன்.

சௌகார்பேட்டையில் இந்தி, குஜராத்தி. தெலுங்கு பேசுகிற வீடுகளில் தெலுங்கு. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கணக்கு இடித்தது தமிழ் வீடுகளில்தான். அக்கா சீரியல் சேனலுக்கெல்லாம் டிக் அடிப்பார், பிள்ளைகள் கார்ட்டூனுக்கு அடிக்கும். "எனக்கு ஒண்ணும் வாணாம்பா" என்று பெரிய மனசோடு சொன்ன அண்ணன், மறுநாள் டீக்கடையில் என்னை ஓரங்கட்டி, "அந்த ஸ்போர்ட்ஸ் ஒண்ணு போட்ருபா, பில்லுல தெரியாதுல்ல?" என்பார்.

ஒரு வீட்டில், எல்லாரும் முடிக்கும்வரை வாய் திறக்காத ஆயா, "தம்பி, கறுப்பு வெள்ளை பாட்டு போடுவானே, அது கீதா?" என்றது. அது இலவசத்திலேயே இருக்கிறது ஆயா என்றேன். "துட்டு வாங்கிக்கினு போடு. ஓசின்னா ஒருநாள் நிறுத்திடுவானுங்க." இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டது. டிராயில் உட்கார்ந்து விலை போட்டவர்களை விட அந்த ஆயாவுக்கு டிவி வியாபாரம் நன்றாகவே புரிந்திருந்தது.

என் ரசனை எதுவென்று கேட்டால் ஃபுட்பால். ஃபுட்பாலுக்குப் பேர்போன வியாசர்பாடியில் பொறந்தவன் வேறென்ன சொல்வான்? 1990 இத்தாலி உலகக் கோப்பையை தூர்தர்ஷனில் கண்முழித்துப் பார்த்த கூட்டம் நாங்கள். கேமரூனின் ரோஜர் மில்லா, 38 வயசு, கோல் போட்டுவிட்டு மைதானத்து மூலைக் கொடிக்கம்பத்துக்கிட்டே ஓடி ஆடுவார். அடுத்த நாள் கிரவுண்டில் கோல் போட்டவனெல்லாம் இடுப்பை ஆட்டினான். கிரிக்கெட்டும் பார்ப்பேன், ஆனால் ஓவருக்கு ஓவர் விளம்பரம் என்றால் பொறுமை போய்விடுகிறது. ஃபுட்பாலில் பாதி ஆட்டம் முடியும்வரை, அதாவது 45 நிமிஷம், எவனும் உங்களிடம் பனியன் விற்க மாட்டான்.

இப்போது பையன்கள் எல்லாம் போனில்தான். என் மகனே கேபிளை எடுத்துவிடலாம் என்கிறான். 2022 கத்தார் ஃபைனலை அவன் உள்ளே போனில் பார்த்தான், நான் ஹாலில் டிவியில். இன்டர்நெட்டில் வருகிற ஆட்டம் துண்டு துண்டாகச் சேர்ந்து ஓடுவதால் கேபிளுக்குப் பின்னால்தான் வரும். பிரான்ஸின் எம்பாப்பே கோல் அடித்ததும் ஹாலில் நான் கத்தினேன். உள்ளேயிருந்து, "நைனா, கொஞ்சம் சும்மா இரு, எனக்கு இன்னும் வரல!" என்று குரல் வந்தது.

அடுத்த கோலுக்கு அவனும் ஹாலுக்கு வந்துவிட்டான். கேபிள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வணக்கம்.