உங்கள் பைக் செயின் நீளவே இல்லை! பிறகு ஏன் தொங்குகிறது?

"செயின் நீண்டுபோச்சு தம்பி, செட்டோட மாத்திரலாம்." மெக்கானிக் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது பொய். சரி, பொய் என்றால் அண்ணன் கோபித்துக்கொள்வார், பாதிப் பொய். இரும்பு என்ன ரப்பரா, இழுக்க இழுக்க நீளுவதற்கு? ஆனால் செயின் தொங்குவது உண்மை, அளந்தால் நீளம் கூடியிருப்பதும் உண்மை. அந்த நீளம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால், எண்ணெயை எங்கே விட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வணக்கம் மக்களே, காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். வரலாறு ஒரே வரிதான்: 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார், இன்று நம் வண்டியில் சுற்றுவது அதன் பேரன் பேத்திகள். போதும்.

(பழைய செயினிலிருந்து கழற்றிய ஒரு கண்ணி, உள்ளங்கையில், மிக அருகில்)

இதை நன்றாகப் பாருங்கள். நடுவில் ஆணி மாதிரி பின், அதன் மேல் குழாய் மாதிரி புஷ், புஷ்ஷின் மேல் உருளுகிற ரோலர். பின்னில் இந்த ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இருக்கிறதா? நகத்தை வைத்து இழுத்தால் வாசற்படியில் இடறுகிற மாதிரி இடறுகிறது. செயின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது பல்சக்கரத்தில், ஏறும்போதும் இறங்கும்போதும் இந்தப் பின் புஷ்ஷுக்குள் கொஞ்சம் திரும்பிக்கொடுக்கிறது. அந்த இடுக்கில் எண்ணெய் வற்றி, செம்மண் தூசி மட்டும் மிஞ்சினால் (நம் பக்கத்துச் செம்மண்ணைப் பற்றி வெள்ளை வேட்டி துவைக்கிறவர்களிடம் கேளுங்கள்) உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். தேய்ந்த அளவுக்கு அடுத்த கண்ணி தள்ளி உட்காருகிறது.

இனி எனக்குப் பிடித்த இடம், ஓட்டிவிடாமல் பாருங்கள். பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்று ஒரு பின்னம் உண்டு. பாயசத்தில் போடுகிற முந்திரி இல்லை, ஒன்றை 320 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. எண்சுவடி மனப்பாடம் செய்த காலத்தில் இதையெல்லாம் பையன்கள் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். இப்போது 100, 125 சிசி வண்டிகளில் நிறையப் பார்க்கிற 428 செயினை எடுத்துக்கொள்வோம். முதல் எண் 4 என்றால் 4/8 அங்குலம், அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் 12.7 மி.மீ. தள்ளி இருக்கிறது. கண்ணிக்கு ஒரே ஒரு முந்திரி தேய்ந்தால் 0.04 மி.மீ., கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 120 கண்ணி என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட 4.8 மி.மீ.! ஆறு முந்திரி தேய்ந்தால் 28 மி.மீ.க்கு மேல், யாரும் எதையும் சேர்க்காமலே இரண்டு கண்ணிக்கு மேல் கூடிவிட்டது. ஆறு முந்திரி என்பது ஏறத்தாழ 2 சதவீதம், அந்தக் கட்டத்தில் செயினுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான். பைசா வட்டி மாதிரி சத்தமில்லாமல் ஏறுகிறது. இந்த உதாரணத்தைச் செட்டிநாட்டில் உட்கார்ந்து சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வது?

வேலைக்கு வருவோம். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போடுங்கள். என்ஜினை ஓடவிட்டுக் கியரில் சுற்றும் செயினைத் துணியால் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், துணி மாட்டினால் விரலும் கூடவே போகும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம். சீமெண்ணெய் தொட்ட பழைய பல் பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தகடுகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின், பின்னுக்கான கிரீஸை உள்ளேயே வைத்து மூடியிருக்கும் மூடி அதுதான். அங்கே பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் எமன்.

எண்ணெய்க்கு 90 நம்பர் கியர் ஆயில் போதும், ஸ்ப்ரே வாங்கினால் ஓ-ரிங்குக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பாருங்கள். கீழே ஓடுகிற செயினின் உள்முகத்தில், அதாவது வானத்தைப் பார்க்கிற பக்கத்தில், தகடு இடுக்குகளில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சக்கரம் சுற்றும்போது எண்ணெய் வெளியேதான் வீசப்படும், உள்பக்கம் விட்டால் போகிற வழியில் பின்னையும் புஷ்ஷையும் நனைத்துவிட்டுப் போகும். வெளிப்பக்கம் விட்டால் நேராக ரோட்டுக்கு. ராத்திரி விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் என்ன ஆகும்? ஒரு பட்டறையில் என் செயினில் கழிவு ஆயிலைக் கவிழ்த்து அனுப்பினார்கள், கானாடுகாத்தானில் ஒரு விசேஷத்துக்குப் போய் இறங்கினால் பின்னால் உட்கார்ந்திருந்த சித்தியின் புதுக் கண்டாங்கிச் சேலையில் முழங்கால் வரை கறுப்புப் புள்ளிக் கோலம். சித்தி இன்னும் என் வண்டியில் ஏறுவதில்லை. அதோடு கழிவு ஆயிலில் மிதப்பது என்ஜினில் தேய்ந்த இரும்புத் துகள், அதைப் போய்ச் செயினுக்கு ஊட்டுவானேன்.

தொய்வு, அதாவது செயின் மேலும் கீழும் ஆடுகிற அளவு, பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ., உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டைப் பாருங்கள், சக்கரத்தைச் சுற்றி ரொம்ப இறுக்கமான இடத்தில் அளங்கள். செயினின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கிற லாக் கிளிப் மீன் மாதிரி இருக்கும், மேல் வரிசையில் அதன் தலை முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் விடுவது 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தால் உடனே.

உங்கள் வண்டி எத்தனை கிலோமீட்டரில் முதல் செயினை மாற்றியது, கமெண்டில் போடுங்கள், என்னுடையதைவிட அதிகம் என்றால் பொறாமைப்படத் தயார். ஆங், ஒன்று விட்டுப்போச்சு: கீழே ஒரு அட்டையை விரித்துக்கொள்ளுங்கள். முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்த வீடு இது, நான் விரிக்கவில்லை, அதோ அப்பத்தா வருகிற சத்தம் கேட்கிறது, கேமராவை அணைக்கிறேன்.