காட்டுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். அறிவுசார் சொத்துரிமை பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, சட்டம் படித்த ஒருவரை அழைப்பதல்லவா முறை என்று கேட்டேன். கையிலிருந்த உரிமையைத் தொலைத்தவர் பேசினால் கேட்பவர்களுக்கு நன்றாகப் புரியும் என்றார்கள். எனவே தொலைத்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

மார்த்தாண்டத்துக்கு அருகில் எனக்கு ஒரு சிறிய லேத் பட்டறை உண்டு. சிரட்டையில் வடிந்த ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி, ஆசிட் சேர்த்து உறைய வைத்து, இரண்டு உருளைகளுக்கு இடையே செலுத்தி சீட்டாக அடிப்பதை நம் மாவட்டத்தில் அறியாதவர் குறைவு. உறைந்த பாலைக் கையால் தள்ளும்போது விரல் நுனியும் சேர்ந்து உள்ளே போய்விடும். நகம் போன விரலைக் கண்டால் என்ன தொழில் என்று நாங்கள் கேட்பதில்லை. காலால் மிதித்த அக்கணமே மேல் உருளை அரை அங்குலம் எழும்பி விரலை விட்டுவிடும்படி ஒரு நெம்புகோலை அமைத்தேன். அதைச் சரியாக இயங்கச் செய்ய இரண்டு மழைக்காலங்கள் ஆயின.

இயங்கத் தொடங்கிய மகிழ்ச்சியில் அதை ஒரு பொருட்காட்சிக்குக் கொண்டுபோய், பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்து, வந்தவர்க்கெல்லாம் விளக்கினேன். ஒருவர் மட்டும் நாடாவால் அளவெடுத்தார். அக்கறை மிகுந்தவர் என்று எண்ணித் தேநீரும் வாங்கிக் கொடுத்தேன். சில மாதங்களில் அதே நெம்புகோல், அதே துளை இடைவெளியுடன், வேறொரு பட்டறையின் இயந்திரத்தில் வந்துவிட்டது. அதன் பிறகுதான் காப்புரிமை ஆலோசகரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: அந்தப் பொருட்காட்சி மத்திய அரசின் அறிவிக்கை பெற்றதா? பெற்றதாக இருந்தால், பொருட்காட்சி தொடங்கிய நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. நான் போனது அத்தகைய பொருட்காட்சி அன்று. பலரறியக் காட்டிய பின் ஒரு கண்டுபிடிப்பு சட்டத்தின் பார்வையில் புதியதாக இருப்பதில்லை.

இத்தனைக்கும் செலவு பெரிதில்லை. தனிநபரோ சிறு தொழில் நிறுவனமோ இணையவழியில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு அது 8,000 ரூபாய். இயந்திரம் முழுமை பெறாத நிலையிலேயே தற்காலிக விவரங்களுடன் விண்ணப்பித்து ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு, முழு விவரங்களை 12 மாதங்களுக்குள் கொடுக்கலாம். ஆலோசகரின் ஊதியம் தனி என்பதையும், மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் கட்டணம் கட்டாவிட்டால் உரிமை காலாவதியாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்காக மட்டும் காப்புரிமை வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

அன்று நான் செய்யத் தவறியது விண்ணப்பம் மட்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில், எந்தப் பகுதிக்கு எந்தக் காவல் என்று என் இயந்திரத்தை நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. நெம்புகோல் கழற்றினால் தெரிந்துவிடும் பொருளாகையால் அதற்குக் காப்புரிமைதான் காவல். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் கிடைக்கும், அதற்கு விலையாக முழு விவரத்தையும் உலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். சீட்டில் வரி பதிக்கும் உருளையை எந்தச் சூட்டில் காய்ச்சி எதில் நனைத்து உரமேற்றுகிறேன் என்பது கழற்றினாலும் தெரியாது. அதை எழுதிக் கொடுத்துக் காப்புரிமை கேட்பது பேதைமை, இரகசியமாக வைத்திருப்பதே இலாபம். ஆனால் தொழில் இரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. பட்டறைப் பையன் விலகிப்போய்ச் சொந்தத் தொழில் தொடங்குவதை ஒப்பந்தம் போட்டுத் தடுக்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு விடாது. இரகசியத்தை வெளியிடலாகாது என்று எழுதி வாங்க மட்டும் முடியும். நான் அதையும் எழுதி வாங்கியதில்லை. இயந்திரத்துக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

பெயர் சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் நம் மலைக்கு அப்பால் நடந்ததைக் கேளுங்கள். பேச்சிப்பாறை மலைகளில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரின் உறவினர் அகத்திய மலையின் கேரளப் பக்கத்திலும் வாழ்கிறார்கள். 1987இல் அங்கே சென்ற ஆய்வாளர்கள் களைத்து உட்கார்ந்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் களைப்பின்றி நடந்தார்கள்; அவர்கள் தின்ற கனியைத் தரும் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதைக்கொண்டு பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஜீவனி என்ற மருந்தின் தயாரிப்பு உரிமம், 1995இல் ஏழு ஆண்டுகளுக்குக் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. உரிமத் தொகை 10 இலட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு. மரபறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகமே அதைப் பாராட்டியது. பாராட்டத்தக்கதுதான். ஆனால் ஜீவனி என்ற அந்தப் பெயரை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. காப்புரிமையும் சரி, வணிகச் சின்னமும் சரி, பதிவு செய்த நாட்டின் எல்லைக்குள்தான் செல்லும். இங்கே விண்ணப்பித்த ஆறு மாதங்களுக்குள் வெளிநாட்டிலும் விண்ணப்பித்தால், சின்னத்துக்கு இங்குள்ள தேதியே அங்கும் கிடைக்கும்.

நம் மாவட்டத்தின் பெயர்களுக்கு ஓரளவு காவல் கிடைத்திருக்கிறது. நாகர்கோவில் கோயில் நகைக்கும், 2021இல் கன்னியாகுமரி கிராம்புக்கும், 2023இல் மட்டி வாழைப்பழத்துக்கும் புவிசார் குறியீடு வந்தது. இதில் ஒரு மயக்கம் உண்டு. குறியீடு காப்பது பெயரை. கோயில் நகையில் கெம்புக்கல் பதிக்கும் முறையை அது யாருக்கும் தடுக்காது. அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமைகூட, பதிவேட்டில் தம்மைப் பயனாளராகப் பதிந்துகொண்டவர்க்கே உண்டு. குறியீடு வந்துவிட்டது, இனி எல்லாம் தானாக நடக்கும் என்று இருப்பவர்களை நிறையவே சந்திக்கிறேன்.

சென்ற மாதம் வடசேரியில் நகைத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர், நாட்டியத்துக்கான தலைசாமான் ஒன்றைப் புதிய அமைப்பில் செய்து எனக்குக் காட்டினார். சூரியனும் சந்திரனும் தனித்தனியே நிற்காமல் ஒரே கொடியில் இணைந்து வருமாறு செய்திருந்தார். வடிவமைப்புப் பதிவுக்குச் சிறு தொழிலாளர் கட்ட வேண்டியது 1,000 ரூபாய், முதலில் 10 ஆண்டுகள், பின்பு புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகள் என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் கைப்பேசியை எடுத்து, முந்தைய நாளே வாட்ஸாப் ஸ்டேட்டஸில் அதன் படத்தைப் போட்டு இருநூறு பேருக்கு மேல் பார்த்திருந்ததைக் காட்டினார். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, பாதி முடிந்த ஒரு ஜடைநாகத்தை எடுத்தார். அதை அவர் மனைவிகூட இன்னும் பார்க்கவில்லையாம். விண்ணப்பப் படிவத்தை அன்று மாலையே நிரப்ப உட்கார்ந்தோம்.