தனியா பிஎல்சி வேலை எடுத்தா நாளைக்கு எவ்வளவு கேக்கணும்?

வணக்கமுங்க. சாயப்பட்டறை, ஸ்பின்னிங் மில், பம்பு கம்பெனின்னு கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் பிஎல்சி (மெஷினை ஓட்டுற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) புரோகிராம் போடுறவங்க, சம்பள வேலையை விட்டுத் தனியா வர்றப்ப முதல்ல சறுக்குறது ரேட்லதான். ஆர்டர் பிடிச்சு ஆள் அனுப்புற கன்சல்டன்சி, ஒரு ஆளுக்கு நாளைக்கு 10,000 ரூபாய் பில் போட்டு, அந்த ஆளுக்கு 6,000 குடுக்குதுன்னு வெச்சுக்கலாம். அது கொள்ளையா, நியாயமா? கணக்குப் போட்டாத்தான் தெரியும்.

[திரையில்: 9,60,000 ÷ 300 = 3,200]

மாசம் 80,000 சம்பளம்னா வருசத்துக்கு 9.6 லட்சம். 300 வேலை நாளுக்கு வகுத்தா 3,200 வருது. "அப்ப 4,000 கேட்டாலே லாபந்தானே"ன்னு கொட்டேசன் குடுத்துடுறாங்க. அங்கதான் நஷ்டம் ஆரம்பிக்குது.

கம்பெனி பங்கா வந்த பிஎஃப், கிராஜுவிட்டி, தீபாவளி போனஸ், மருத்துவக் காப்பீடு எல்லாம் இனி உங்க கைக்காசு. 1.4 லட்சம்னு வைங்க. லேப்டாப், சாப்ட்வேர் லைசென்ஸ், கேபிள், வண்டிச் செலவு, ஆடிட்டர் ஃபீஸ் ஒரு 2.5 லட்சம். ஆக 13.5 லட்சம் வந்தாத்தான் பழைய நிலைமையே நிக்கும்.

இந்தப் பணம் எத்தனை நாள்ல வரணும்? 300 நாள்ல லீவு, காய்ச்சல்னு 20 கழிச்சுடுங்க. மிச்ச நாள்லயும் சைட் பாக்கப் போறது, கொட்டேசன் போடுறது, பாக்கி வசூலுக்கு அலையறதுன்னு 100 நாள் பில் இல்லாமப் போயிரும். கையில நிக்கிறது 180.

[திரையில்: 13,50,000 ÷ 180 = 7,500]

நேரடியா எடுக்கிற வேலைக்கு உங்க ரேட் 7,500. இப்ப கன்சல்டன்சிக்கு வாங்க. ஆர்டர் பிடிக்கிறது, வசூல் பண்றது அவங்க பொறுப்பு, அதனால உங்களுக்கு 230 நாள் வேலை கிடைக்கலாம். 13.5 லட்சத்தை 230ல வகுத்தா ஏறக்குறைய 5,870. அவங்க குடுக்கிற 6,000 மோசமில்லைங்க. நடுவுல நிக்கிற 4,000ல வேலையில்லாம உக்காந்திருக்கிற ஆளுங்க சம்பளம், உங்களுக்கு முடியலைன்னா அனுப்புற மாத்து ஆள், பார்ட்டி, அதாவது வேலை குடுத்த கம்பெனி, இழுக்கிற கடன் எல்லாம் அடக்கம். ஆனா "பார்ட்டி குடுத்தப்புறம்தான் உங்களுக்கு"ன்னு ஒப்பந்தத்துல இருந்தா, அந்த வரியை அடிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும். கடனை அவங்க சுமக்கிறாங்கன்னுதானே குறைஞ்ச ரேட்டுக்கு ஒத்துக்கிட்டோம்!

ரேட் சரியா இருந்தும் கை கடிக்கிற இடம் காத்திருப்பு. நீங்க பெருந்துறைக்குப் போய் இறங்குறீங்க, பேனல் வயரிங் முடியலை, ரெண்டு நாள் சும்மா உக்காந்திருக்கீங்க. அதுக்குக் கொட்டேசன்லயே இப்படி எழுதுங்க:

[திரையில்: "வயரிங், மோட்டார் சுத்துற திசை, சென்சார் சிக்னல் சரிபார்த்த பிறகே கமிஷனிங் (மெஷினை ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பது). தயாரில்லாமல் காத்திருக்கும் நாளுக்கு முழு நாள் கட்டணம். ஒப்படைத்த பின் கேட்கும் மாற்றங்களுக்குத் தனிக் கட்டணம்."]

இது இல்லைன்னா "சின்ன மாத்தம் தானுங்க"ன்னு மூணு ஞாயித்துக்கிழமை போயிரும். மெஷின் நிக்கிறதே ஞாயிறுதான்.

வரிக்கு வருவோம். தொழில்முறைச் சேவைன்னா டிடிஎஸ் (பணம் குடுக்கறப்பவே பிடிக்கிற வருமான வரி) 10 சதம், தொழில்நுட்பச் சேவைன்னா 2 சதம். பில்லுல வேலையைத் தெளிவா எழுதலைன்னா அக்கவுண்ட்ஸ்ல 10 பிடிச்சுடுவாங்க. அது திரும்ப வரும், ஆனா ரிட்டர்ன் போடுற வரைக்கும் முடங்கிரும். ஜிஎஸ்டி பதிவு, வருசத்துக்கு 20 லட்சம் தாண்டினா கட்டாயம்.

கடைசியா வசூல். உத்யம்ங்கிற மத்திய அரசு சிறுதொழில் பதிவு இருக்கிற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் வரணும், ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியா ஏறும். 2006ஆம் வருசச் சட்டம் இது. இந்தப் புகாரை விசாரிக்கிற கவுன்சில் கோவையிலயே இருக்கு. உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆனா வேலை எடுக்கிறதுக்கு முந்தியே பண்ணிடுங்க. பாக்கி நின்னதுக்கப்புறம் பதிவு பண்ணிட்டுப் போனா, பழைய பில்லுக்கு அது செல்லாதுன்னு எதிர்த்தரப்பு வாதாடும்.